அமெரிக்கத் தேர்தலில் வேட்பாளரிடம் ரேடியோவும் டிவியும் எவ்வளவு வாங்கலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: நியூ ஜெர்சியில் கவுண்டி கமிஷனர் பதவிக்கு நிற்பவருக்காக உள்ளூர் ரேடியோவில் விளம்பரம் வாங்க வேண்டும். காலை நேர 30 விநாடி ஸ்பாட் ஒன்றுக்கு நிலையம் 120 டாலர் கேட்கிறது. தேர்தல் சமயத்தில் வேட்பாளரிடம் குறைந்த கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே. அது உள்ளாட்சி வேட்பாளருக்கும் பொருந்துமா, எப்படிக் கேட்டு வாங்குவது?

பொருந்தும். ஆனால் 120 டாலர் கேட்டது சட்டமீறல் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. அது எந்த வகை ஸ்பாட்டுக்கான விலை என்பதைப் பொறுத்தது. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டத்தின் பெயர் 1934-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், பிரிவு 315(பி). குறைந்த கட்டண விதி 1971-ஆம் ஆண்டின் மத்தியத் தேர்தல் பிரசாரச் சட்டத்தின் வழியாக அதில் சேர்ந்தது. அது கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்தது 1972-ல். இத்துறையில் எல்லோரும் இதை லோயஸ்ட் யூனிட் சார்ஜ், சுருக்கமாக எல்.யூ.சி. என்பார்கள். நிலையத்தின் விற்பனைப் பிரிவில் இந்த மூன்றெழுத்தைச் சொன்னாலே பேச்சு வேறு தொனிக்கு மாறும்.

இந்தச் சட்டம் விலைக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. 'இத்தனை டாலருக்கு மேல் கூடாது' என்று எங்கும் கிடையாது. அதே வகை ஸ்பாட், அதே நீளம், அதே நேரப்பகுதி. இவற்றுக்கு அந்த நிலையம் தன் வணிக விளம்பரதாரர்களில் எவரிடம் மிகக் குறைவாக வாங்குகிறதோ, அந்த விலைதான் வேட்பாளருக்கும். கார் டீலர் ஒருவர் வருடம் முழுக்க ஆயிரம் ஸ்பாட் எடுத்து அதற்கான தள்ளுபடி வாங்கியிருந்தால், ஒரே ஒரு ஸ்பாட் வாங்கும் வேட்பாளருக்கும் அந்தத் தள்ளுபடி விலை கிடைக்க வேண்டும். இதுதான் சட்டத்தின் உயிர்நாடி. பணபலம் இல்லாத ஒருவரும் அந்த ஊரின் பெரிய விளம்பரதாரர் தரும் விலையிலேயே மக்களிடம் பேச முடிகிறது. அமெரிக்கத் தேர்தல் செலவுச் சட்டங்களில் சிறிய வேட்பாளருக்கு நேரடியாகப் பலன் தரும் மிகச் சில விதிகளில் இது ஒன்று என்பது என் உறுதியான கருத்து.

நிலையத்தின் விலையே அதிகமாக இருந்தால், எல்.யூ.சி.யும் அதிகமாகத்தான் இருக்கும். நியூ ஜெர்சியின் பெரும்பகுதி நியூயார்க், பிலடெல்பியா டிவி சந்தைகளுக்குள் வருகிறது. ஒரு கவுண்டி வேட்பாளர் நியூயார்க் டிவி நிலையத்தில் எல்.யூ.சி. விலைக்கு வாங்கினாலும், அவருக்கு ஓட்டே இல்லாத லட்சக்கணக்கான பேருக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். கேபிள் நிறுவனங்கள் தங்கள் பகுதிக்கென விற்கும் ஸ்பாட்களுக்கும் இதே விதி உண்டு. உங்களைப் போன்றவர்கள் உள்ளூர் ரேடியோவையும் கேபிளையும் முதலில் விசாரிப்பதே சரி. யூடியூப், ஃபேஸ்புக், ஹூலு போன்றவற்றுக்கும் இன்டர்நெட் ரேடியோவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. வணிகம் சாராத பொது நிலையங்கள் வேட்பாளர் விளம்பரத்தை விற்கவே கூடாது.

இந்த உரிமை கிடைக்க நான்கு விஷயங்கள் ஒருசேர அமைய வேண்டும். வேட்பாளர் சட்டப்படி தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். அதாவது போட்டியிடுவதாகப் பகிரங்கமாக அறிவித்து, மாநில விதிப்படி வாக்குச்சீட்டில் இடம் பெற்றிருக்க வேண்டும். பணம் கொடுப்பது அவரோ அவர் அங்கீகரித்த பிரசாரக் குழுவோ ஆக இருக்க வேண்டும். விளம்பரத்தில் அவருடைய குரலோ முகமோ அடையாளம் தெரியும்படி வர வேண்டும். ரேடியோ விளம்பரம் முழுவதையும் தொழில்முறை அறிவிப்பாளரே பேசி முடித்து, வேட்பாளர் குரல் ஒரு வரிகூட இல்லை என்றால் எல்.யூ.சி. கேட்க முடியாது. முப்பது விநாடியில் மூன்று விநாடியாவது அவர் பேசட்டும். நான்காவது, ஒலிபரப்பாகும் தேதி சட்டம் சொல்லும் காலத்துக்குள் விழ வேண்டும்.

அந்தக் காலம் இப்படி: பிரைமரிக்கும் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) பிரைமரி ரன்ஆஃபுக்கும் (அதன் இரண்டாம் சுற்று) முந்தைய 45 நாட்கள், பொதுத் தேர்தலுக்கும் சிறப்புத் தேர்தலுக்கும் முந்தைய 60 நாட்கள். 2026 நவம்பர் 3 தேர்தலை எடுத்துக்கொண்டால், காலம் தொடங்குவது செப்டம்பர் 4. நீங்கள் ஆர்டர் கொடுத்த தேதி இங்கே கணக்கில்லை. ஸ்பாட் ஓடும் தேதிதான் கணக்கு. ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டு ஆகஸ்ட் 31 முதல் ஓட விட்டால், முதல் நான்கு நாள் ஸ்பாட்களுக்கு எல்.யூ.சி. இல்லை, ஐந்தாம் நாளிலிருந்து உண்டு. பிரைமரி முடிந்த மறுநாள் உரிமையும் முடிந்துவிடும். செப்டம்பர் வரை இடைவெளிதான். அந்த இடைவெளியிலும் நிலையம் வாய்க்கு வந்த விலை சொல்ல முடியாது: அதே அளவு வாங்கும் வணிகருக்கு என்ன விலையோ அதுதான் உங்களுக்கும். ஆனால் ஆயிரம் ஸ்பாட் வாங்குபவரின் தள்ளுபடி அப்போது கிடைக்காது.

இனி, ஸ்பாட்டின் வகைக்கு வருவோம். பெரும்பாலான நிலையங்கள் ஒரே நேரப்பகுதியைப் பல தரத்தில் விற்கின்றன. நிலையான ஸ்பாட் ஒன்று; சொன்ன நேரத்தில் கட்டாயம் ஓடும், விலையும் அதிகம். அடுத்தது, முன்னறிவிப்புக் கொடுத்து எடுத்துவிடக்கூடியது. அதற்கும் கீழே, எந்த நேரத்திலும் ப்ரீஎம்ப்ட் ஆகக்கூடியது. கூடுதல் விலை கொடுக்க ஒருவர் வந்ததும் உங்கள் ஸ்பாட்டைத் தூக்கிவிட்டு அவருடையதைப் போட்டுவிடுவார்கள். நாளின் எந்த நேரத்திலும் நிலையம் தன் இஷ்டப்படி போட்டுக்கொள்ளும் ரன் ஆஃப் ஸ்கெட்யூல் தனி வகை. ஒவ்வொரு வகைக்கும், 30 விநாடி, 60 விநாடி என ஒவ்வொரு நீளத்துக்கும், ஒவ்வொரு நேரப்பகுதிக்கும் எல்.யூ.சி. தனித்தனி. உங்களிடம் சொன்ன 120 டாலர் நிலையான ஸ்பாட்டின் எல்.யூ.சி.யாக இருக்கலாம், அதே காலை நேரத்தில் ப்ரீஎம்ப்ட் ஆகக்கூடியது 50 டாலருக்குக் கிடைக்கலாம்.

நிலையங்கள் தங்கள் வகைகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் வகைக்கு வகை உண்மையான வேறுபாடு இருக்க வேண்டும்: ப்ரீஎம்ப்ட் ஆகாமல் எவ்வளவு பாதுகாப்பு, நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, ஓடாத ஸ்பாட்டுக்கு உரிய காலத்துக்குள் மாற்று ஸ்பாட் தரும் உத்தரவாதம் என்று ஏதாவது ஒன்று. விலையை மட்டும் வைத்தோ, வாங்குபவர் யார் என்பதை வைத்தோ வகை பிரிக்கக் கூடாது. 'அரசியல் ரேட்' என்று வேட்பாளர்களுக்கு மட்டும் தனியாக விலை கூடிய வகை ஒன்றை வைக்கவே கூடாது. தங்கள் விளம்பரம் ப்ரீஎம்ப்ட் ஆகிவிடுமோ என்ற பயத்தில் வேட்பாளர்கள் நிலையான ஸ்பாட்டையே வாங்குவார்கள். வணிகர்களோ கிட்டத்தட்ட அதே பாதுகாப்பைக் குறைந்த விலையில் பெற்றுக்கொண்டிருப்பார்கள். 1990-ல் எஃப்.சி.சி. (ரேடியோ, டிவியை ஒழுங்குபடுத்தும் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம்) சில நகரங்களின் நிலையங்களைத் தணிக்கை செய்தபோது பெரும்பாலான டிவி நிலையங்களில் வேட்பாளர்கள் வணிகர்களைவிட அதிகம் கொடுத்திருந்தது தெரியவந்தது. அதன் பிறகே 1991-ல் இப்போதுள்ள விரிவான விதிகள் வந்தன. ரேடியோ, டிவி நிலையங்களுக்கான விதியின் எண் 73.1942, பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சில பக்கங்கள்தான்.

எல்.யூ.சி.யை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு கற்பனை எண்ணை வைத்துப் பார்ப்போம். ஒரு கார் டீலர் காலை நேரத்தில் ப்ரீஎம்ப்ட் ஆகக்கூடிய 30 விநாடி ஸ்பாட் 40 எடுத்து 2,000 டாலர் கொடுக்கிறார். நிலையம் அதே வகையில் 10 ஸ்பாட் போனஸாகத் தருகிறது. பில்லில் ஒரு ஸ்பாட் 50 டாலர் என்றுதான் இருக்கும். சட்டக் கணக்கில் 2,000-ஐ 50 ஸ்பாட்டால் வகுக்க வேண்டும். அப்போது விலை 40 டாலர். அந்த டீலர் 15 சதவீதம் கமிஷன் எடுக்கும் ஏஜென்சி வழியாக வாங்கியிருந்தால் நிலையத்தின் கைக்குப் போனது 34 டாலர்தான். ஏஜென்சி இல்லாமல் நேரடியாக வாங்கும் உங்கள் வேட்பாளர் தர வேண்டியதும் 34. இந்தக் கமிஷன் கழிவைக் கேட்க மறப்பவர்கள் நிறையப் பேர். பொருளுக்குப் பொருள் என்று பண்டமாற்றாகக் கொடுத்த ஸ்பாட்கள் மட்டும் இந்தக் கணக்கில் வராது. ரொக்கத்துக்கு விற்றவைதான் வரும்.

பேக்கேஜிலும் இதே கதை. 1,000 டாலர் பேக்கேஜில் காலை 10, மதியம் 10, நள்ளிரவு 20 ஸ்பாட்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலையம் தன் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் விலை பிரித்து எழுதியிருக்க வேண்டும்: காலை 60 வீதம் 600, மதியம் 30 வீதம் 300, நள்ளிரவு 5 வீதம் 100. உங்களுக்குக் காலை ஸ்பாட் மட்டும் போதும் என்றால் 60 டாலருக்கு அதை மட்டும் தர வேண்டும். 'பேக்கேஜ் முழுதாக எடுத்தால்தான் அந்த விலை' என்று சொல்லக் கூடாது. ஜனவரியில் போட்ட வருட ஒப்பந்தமாக இருந்தாலும் அதன் ஸ்பாட் அக்டோபரில் ஓடினால், அந்தப் பழைய மலிவு விலையும் ஒப்பீட்டில் சேரும். 'அது பழைய ரேட்' என்பது பதிலாகாது.

ப்ரீஎம்ப்ட் ஆகக்கூடிய வகையில் இன்னொரு நுணுக்கம். உண்மையில் ஓடிய ஸ்பாட்களில் எது மிகக் குறைந்த விலையோ அதுதான் எல்.யூ.சி. ஒரு ஃபர்னிச்சர் கடை 35 டாலருக்கு ஆர்டர் போட்டு, அது தூக்கப்பட்டுவிட்டால் அந்த 35 கணக்கில் வராது. அந்த வாரம் ஓடியதில் குறைந்தது 55 என்றால், 70 கொடுத்து வாங்கிய உங்களுக்கு ஸ்பாட் ஒன்றுக்கு 15 டாலர் திரும்ப வர வேண்டும். வாரம் முடிந்த பிறகுதான் எல்.யூ.சி. உறுதியாகத் தெரியும் என்பது இதனால்தான். தேர்தல் காலம் நெடுகிலும் நிலையம் தன் பதிவுகளை அவ்வப்போது சரிபார்த்து, கூடுதலாக வாங்கிய தொகையைத் தாமதமின்றித் திருப்பித் தரவோ வரவு வைக்கவோ கடமைப்பட்டிருக்கிறது.

மலிவு விலைக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ப்ரீஎம்ப்ட் ஆகும் வகையில் போட்டுவிடாதீர்கள். அக்டோபர் கடைசியில் பெரிய பணம் சந்தையில் இறங்கும். அப்போது மலிவான ஸ்பாட்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். தேர்தல் முடிந்த பிறகு கிடைக்கும் மாற்று ஸ்பாட்டால் யாருக்கு என்ன பயன்? கடந்த ஓராண்டில் அதே வகை வாங்கிய ஏதாவது ஒரு வணிகருக்கு, குறிப்பிட்ட தேதிக்குள் ஓட வேண்டும் என்ற அவசரத்துக்காக மாற்று ஸ்பாட் கொடுத்திருந்தால், வேட்பாளருக்கும் தேர்தல் நாளுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். இதை ஆர்டர் போடும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். என் யோசனை: செப்டம்பரில் ப்ரீஎம்ப்ட் ஆகும் வகை, கடைசிப் பத்து நாட்களில் வாக்காளர் கட்டாயம் கேட்டாக வேண்டிய சில ஸ்பாட்களுக்கு மட்டும் நிலையான வகை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் நிலையத்திடம் அதன் அரசியல் விளம்பர வெளிப்படுத்தல் அறிக்கையை எழுத்துமூலம் கேளுங்கள். அதில் எல்லா வகை ஸ்பாட்களின் விவரம், ஒவ்வொன்றின் எல்.யூ.சி., கூடவே கிடைக்கும் சலுகைகள், ப்ரீஎம்ப்ட் ஆகும் வகையை எப்படி விற்கிறார்கள், எவ்வளவு ப்ரீஎம்ப்ட் ஆக வாய்ப்பு, மாற்று ஸ்பாட் கொள்கை எல்லாம் இருக்க வேண்டும். கேட்டால் சொல்வது நிலையத்தின் கடமை. ரேட் கார்டு ஒன்றை மட்டும் நீட்டினால் அது வெளிப்படுத்தல் ஆகாது. ஆர்டரில் வகையின் பெயர், நீளம், நேரப்பகுதி மூன்றும் வரிக்கு வரி இருக்கட்டும். 'காலை 30 வி., 20 ஸ்பாட்' என்று மட்டும் எழுதினால் பிற்பாடு எந்த வகையோடு ஒப்பிடுவது என்றே வாதாட முடியாது. பணம் செலுத்தும் குழுவின் பெயர், வேட்பாளரின் அங்கீகாரக் கடிதம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்து, எஃப்.சி.சி.யின் இணையப் பொதுக்கோப்புத் தளத்தில் அந்த நிலையத்தைத் தேடி அரசியல் கோப்பைத் திறவுங்கள். எதிர் வேட்பாளர் என்ன வகையில், என்ன விலைக்கு, எந்தத் தேதிகளில் வாங்கினார் என்பது அங்கே இருக்கும். ஆவணங்கள் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். ஆனால் கார் டீலரின் ஒப்பந்தம் அங்கே இருக்காது. வணிக விளம்பரக் கணக்குகளைப் பொதுவில் வைக்க நிலையத்துக்குக் கடமை இல்லை. ஆகவே எல்.யூ.சி.யை வெளியிலிருந்து முழுமையாகச் சரிபார்க்க முடியாது. சட்டத்தின் பெரிய பலவீனம் இதுதான் என்பேன். நிலையத்தின் நேர்மையையும் உங்கள் கேள்விகளின் கூர்மையையும் நம்பித்தான் இது ஓடுகிறது.

உள்ளாட்சி வேட்பாளருக்கு ஒரு பாதகம் உண்டு. நேரம் கேட்டால் நியாயமான அளவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற பிரிவு 312(ஏ)(7) ஜனாதிபதி, செனட், ஹவுஸ் (பிரதிநிதிகள் சபை) வேட்பாளர்களுக்கு மட்டும். கவுண்டி தேர்தலுக்கு விளம்பரமே எடுப்பதில்லை என்று நிலையம் முடிவு செய்யலாம். காலை நேரத்தை மட்டும் தர மறுக்கலாம். ஆனால் விற்றால் எல்.யூ.சி.க்குத்தான் விற்க வேண்டும். அதே பதவிக்கு நிற்கும் ஒருவருக்கு விற்றுவிட்டால் உங்களுக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும். அவருடைய விளம்பரம் ஓடிய ஏழு நாட்களுக்குள் நீங்கள் கேட்டாக வேண்டும்.

மத்தியப் பதவிக்கு நிற்பவருக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. தேர்தல் நிதி பற்றிய 2002 சீர்திருத்தச் சட்டம் அதைக் கொண்டுவந்தது. எதிராளியைப் பற்றி விளம்பரத்தில் நேரடியாகக் குறிப்பிட்டால், ரேடியோவில் வேட்பாளரே தன் குரலில் தன்னையும் போட்டியிடும் பதவியையும் சொல்லி, இதை அங்கீகரிக்கிறேன் என்று பேச வேண்டும். டிவியில் முடிவில் குறைந்தது 4 விநாடி அவர் படமும், அங்கீகாரமும் பணம் கொடுத்த குழுவின் பெயரும் தெளிவாகப் படிக்கும்படி வர வேண்டும். 3 விநாடியில் வெட்டிவிட்டால் எல்.யூ.சி. உரிமையே பறிபோகலாம். பணம் கொடுத்தவர் பெயரைக் காட்டும் எழுத்து திரை உயரத்தில் 4 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற விதி எல்லா வேட்பாளர்களுக்கும் உண்டு. 1080 வரித் திரையில் அது சுமார் 44 பிக்சல். எடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆதரவாளர்கள் தனிக் குழு ஆரம்பித்து விளம்பரம் போடலாமே என்று கேட்பார்கள். வேட்பாளரைச் சாராமல் தனியே செலவு செய்யும் சூப்பர் பேக் போன்ற வெளிக் குழுக்களுக்கு எல்.யூ.சி. கிடையாது; சந்தை என்ன விலை சொல்கிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும். கடைசி வாரங்களில் அது பல மடங்காகும். அதே டாலர் வேட்பாளரின் சொந்தக் குழுவில் சேர்ந்தால் கூடுதல் ஸ்பாட் வாங்கும். செனட் தேர்தல்களில் கட்சி அமைப்புகள் 2024-ல் வேட்பாளரும் சேர்ந்த கூட்டு நிதி திரட்டும் குழுக்கள் பெயரில் விளம்பரம் போட்டதற்கும் இந்த விலை வித்தியாசமே காரணம்.

வாக்குப்பதிவு முடிந்ததும் நிலையத்திடம் இறுதி ஒப்பீட்டைக் கேளுங்கள்: எந்தெந்த நாளில் எந்தெந்த ஸ்பாட் ஓடியது, அந்த வாரத்தின் எல்.யூ.சி. என்ன, திரும்ப வர வேண்டியது எவ்வளவு. திரும்பி வரும் காசோலை பிரசாரக் குழுவின் பெயரில் வர வேண்டும். செலவுக் கணக்கிலும் காட்ட வேண்டும். பதில் வராவிட்டால் எஃப்.சி.சி.யின் ஊடகப் பிரிவில் அரசியல் ஒளிபரப்பு விதிகளைக் கவனிக்கும் அதிகாரிகளைத் தொடர்புகொள்ளலாம். முறைப்படி புகார் எழுதும் முன்பே அவர்களிடம் பேசினால் பல சிக்கல்கள் தேர்தலுக்கு முன்னரே தீர்ந்துவிடும். புகாரே எழுத நேர்ந்தால் வெளிப்படுத்தல் அறிக்கை, ஆர்டர், இன்வாய்ஸ், பொதுக்கோப்பின் நகல் நான்கையும் சேர்த்து, எந்த வகையில் எந்த வாரத்தில் எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள் என்று எழுதுங்கள். 'அதிகம் வாங்கிவிட்டார்கள்' என்று பொதுவாக எழுதிய புகார் நகராது.